எதற்காக வந்தீர்கள்? ஆங்கிலத்தில் நோக்கத்தைச் சொல்லும் முறை



டீக்கடையிலும் மளிகைக்கடையிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட அட்டை ஒன்று நிற்கிறது. அதில் பெரும்பாலும் "ஸ்கேன் டு பே" என்று எழுதியிருக்கும். பணம் செலுத்த ஸ்கேன் செய்யுங்கள் என்று பொருள். வீட்டில் வலிக்குத் தடவும் களிம்பு இருந்தால் எடுத்துப் பாருங்கள். "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி" என்று இருக்கும். வெளியே பூசுவதற்கு மட்டும் என்று பொருள்.

இரண்டுமே 'எதற்காக' என்ற கேள்விக்குப் பதில்தான். ஆனால் ஒன்றில் 'டு' வந்திருக்கிறது, மற்றொன்றில் 'ஃபார்' வந்திருக்கிறது. நாம் பேசும்போதும் எழுதும்போதும் இந்த இரண்டில் எதைப் போடுவது என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம் வருகிறது.

எதற்காக வந்தீர்கள் என்ற கேள்வி நம் வாழ்க்கையில் முக்கியமான இடங்களிலெல்லாம் கேட்கப்படுகிறது. கல்லூரிச் சேர்க்கையில் கேட்கிறார்கள். வேலைக்கான நேர்முகத்தில் கேட்கிறார்கள். விசா அலுவலகத்திலும் விமான நிலையத்திலும் கேட்கிறார்கள். வெளிமாநில மருத்துவமனைக்குப் போனால் அங்கும் முதல் கேள்வி அதுதான். அங்கெல்லாம் "ஐ கேம் ஃபார் ஸ்டடியிங்" என்று நம் பிள்ளைகள் சொன்னால் எதிரே இருப்பவருக்குப் புரியாமல் போகாது. ஆனால் அது சரியான ஆங்கிலம் அல்ல. "ஐ கேம் டு ஸ்டடி" என்பதே சரி. வேறு சில வாக்கியங்களில் விஷயம் இதைவிடப் பெரியது. அங்கே 'டு' வர வேண்டிய இடத்தில் 'இங்' வந்தால் பொருளே தலைகீழாகிவிடும். மருத்துவரிடம் பேசும்போது அப்படி நடந்தால் ஆபத்து. அதனால்தான் இந்தப் பாடத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கிறோம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஆங்கில எழுத்து பழகாத பெரியவர்களும் வாய்விட்டுப் படிக்கலாம் என்பதற்காக இப்படிச் செய்திருக்கிறோம். படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகுங்கள்.

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது?

காரணம் நம் தாய்மொழியில் இருக்கிறது. 'படிக்க வந்தேன்' என்றும் சொல்கிறோம், 'படிப்பதற்கு வந்தேன்' என்றும் சொல்கிறோம், 'படிப்பதற்காக வந்தேன்' என்றும் சொல்கிறோம். மூன்றும் தமிழில் சரி. மூன்றுக்கும் ஒரே பொருள்.

இதில் 'படிக்க' என்பதை நம் இலக்கணம் வினையெச்சம் என்கிறது. ஆங்கிலத்தில் 'டு ஸ்டடி' என்பது ஏறக்குறைய இதுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் இன்ஃபினிடிவ். 'படித்தல்', 'படிப்பது' போன்றவை செயலையே ஒரு பெயராக்கிச் சொல்பவை. 'படித்தல்' என்பதைத் தொழிற்பெயர் என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஸ்டடியிங்' என்பது பெயராக நிற்கும்போது ஜெரண்ட் எனப்படுகிறது.

'படிப்பதற்கு' என்பதை நாம் மனத்துக்குள் துண்டு துண்டாக மொழிபெயர்க்கிறோம். படிப்பது என்றால் ஸ்டடியிங், 'கு' என்றால் ஃபார், ஆக 'ஃபார் ஸ்டடியிங்' என்று வாயில் வந்துவிடுகிறது. ஆனால் நம் 'கு' உருபுக்கு ஃபார் என்ற ஒரு பொருள் மட்டும் இல்லை. 'பள்ளிக்குப் போனான்' என்பதில் வரும் 'கு' ஆங்கிலத்தில் 'டு ஸ்கூல்' ஆகிறது. 'தம்பிக்கு ஒரு சட்டை வாங்கினேன்' என்பதில் வரும் 'கு' ஆங்கிலத்தில் 'ஃபார் மை பிரதர்' ஆகிறது. தமிழில் ஓர் உருபு செய்யும் வேலையை ஆங்கிலம் இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிரிவினையைத் தெரிந்துகொண்டால் தடுமாற்றம் நீங்கிவிடும்.

மதரஸாவில் அரபி இலக்கணம் படித்த பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். 'ஜிஃது லிஅத்ருஸ' என்று வினையை வைத்தும் சொல்லலாம், 'லித்திராஸா' என்று மஸ்தரை வைத்தும் சொல்லலாம். இரண்டுக்கும் முன்னால் ஒரே 'லாம்' எழுத்துதான் வருகிறது. ஆகவே அரபி தெரிந்திருந்தாலும் ஆங்கிலத்தின் இந்தப் பிரிவினையைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

நோக்கத்துக்கென்று தனி வடிவம் இருப்பது நமக்குப் புதிதும் அல்ல. 'வான், பான், பாக்கு' என்று முடியும் வினையெச்சங்களை நன்னூல் சொல்கிறது. பழந்தமிழில் 'உண்பான் வந்தான்' என்றால் உண்பதற்காக வந்தான் என்று பொருள். அந்த 'பான்' செய்த வேலையை ஆங்கிலத்தில் 'டு' செய்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதல் விதி: ஒருவர் ஒன்றைச் செய்தது எதற்காக என்றால் 'டு'

ஒருவர் ஒரு செயலைச் செய்கிறார். எதற்காகச் செய்தார் என்று கேட்டால் இன்னொரு செயல் பதிலாக வருகிறது. அந்த இரண்டாவது செயலுக்கு முன்னால் 'டு' போட வேண்டும். வினைச்சொல்லை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வைக்க வேண்டும்.

"ஐ வென்ட் டு த மார்க்கெட் டு பை ஃபிஷ்." மீன் வாங்கச் சந்தைக்குப் போனேன்.

"ஷி இஸ் லேர்னிங் இங்கிலீஷ் டு கெட் எ ஜாப்." வேலை கிடைக்க ஆங்கிலம் கற்கிறாள்.

"ஐ ஹேவ் கம் டு அட்டெண்ட் த இன்டர்வியூ." நேர்முகத்துக்கு வந்திருக்கிறேன்.

"ஐ ஆம் காலிங் டு ஆஸ்க் அபவுட் த ஜாப்." அந்த வேலையைப் பற்றிக் கேட்க அழைக்கிறேன்.

'டு' வந்த பிறகு காலம் மாறினாலும் வினைச்சொல் மாறாது. நேற்றுப் போனாலும் 'டு பை'தான், நாளை போனாலும் 'டு பை'தான். நான் போனாலும் அவர் போனாலும் அதேதான்.

இங்கே நம்மவர்கள் சொல்லும் தவறான வடிவங்கள் நான்கு. 'ஃபார் பையிங்' என்பது ஒன்று. 'டு பையிங்' என்பது இரண்டு. நேற்றுப் போனதால் 'டு பாட்' என்று கடந்த காலத்தைச் சேர்ப்பது மூன்று. 'ஃபார் டு பை' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வது நான்கு. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு ஆங்கிலேயர்களே 'ஃபார் டு' என்று சேர்த்து எழுதியதுண்டு. இன்றைய பொது ஆங்கிலத்தில் அது வழக்கில் இல்லை.

விண்ணப்பம் போன்ற எழுத்துகளில் 'டு' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல 'இன் ஆர்டர் டு' என்றும் 'ஸோ ஆஸ் டு' என்றும் எழுதுவார்கள். பொருள் ஒன்றுதான். பேச்சில் 'டு' மட்டுமே போதும்.

இரண்டாம் விதி: பதில் பெயர்ச்சொல்லாக இருந்தால் 'ஃபார்'

எதற்காக என்ற கேள்விக்குச் செயலைச் சொல்லாமல் ஒரு பொருளின் பெயரையோ நிகழ்வின் பெயரையோ சொன்னால் அங்கே 'ஃபார்' வரும்.

"வீ கேம் டு வேலூர் ஃபார் ட்ரீட்மென்ட்." சிகிச்சைக்காக வேலூர் வந்தோம்.

"வீ கேம் டு வேலூர் டு ஸீ எ ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்." இதய மருத்துவரைப் பார்க்க வேலூர் வந்தோம்.

"ஹி ஹேஸ் கான் ஃபார் உம்ரா." உம்ராவுக்குப் போயிருக்கிறார். அதையே செயலாகச் சொன்னால் "ஹி ஹேஸ் கான் டு பர்ஃபார்ம் உம்ரா."

"ஐ ஸ்டாப்டு ஃபார் எ டீ." ஒரு டீக்காக நின்றேன். செயலாகச் சொன்னால் "ஐ ஸ்டாப்டு டு ட்ரிங்க் டீ."

விசா படிவத்தில் 'பர்பஸ் ஆஃப் விசிட்' என்று ஒரு கட்டம் இருக்கும். பயணத்தின் நோக்கம் என்ன என்பது கேள்வி. எழுதும்போது 'எம்ப்ளாய்மென்ட்', 'டூரிசம்', 'மெடிக்கல் ட்ரீட்மென்ட்' என்று பெயரை மட்டும் எழுதினால் போதும். அதிகாரி வாயால் கேட்டால், மகனைப் பார்க்கப் போகும் உம்மா "டு ஸீ மை சன்" என்று மூன்றே சொற்களுக்கு முன்னால் ஒரு 'டு' சேர்த்துத் தெளிவாகச் சொல்லிவிடலாம். நீண்ட வாக்கியம் தேவையில்லை.

மூன்றாம் விதி: ஒரு பொருளின் பயனைச் சொன்னால் 'ஃபார்' உடன் 'இங்'

அப்படியானால் 'ஃபார்' உடன் 'இங்' சேரவே கூடாதா? சேரும். ஆனால் அதற்கு வேறு வேலை. ஒரு மனிதரின் நோக்கத்தைச் சொல்லாமல் ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று சொன்னால் இந்த வடிவம் பொருந்தும்.

"திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்." இந்தக் கத்தி மீன் வெட்டுவதற்கு.

"திஸ் க்ளாத் இஸ் ஃபார் க்ளீனிங் த டேபிள்." இந்தத் துணி மேசை துடைப்பதற்கு.

இதே கத்தியை ஒருவர் கையில் கொடுங்கள். இப்போது மனிதர் வந்துவிட்டார். "ஷி பாட் எ நைஃப் டு கட் ஃபிஷ்." மீன் வெட்டக் கத்தி வாங்கினாள். மனிதரின் நோக்கம் என்பதால் 'டு' வந்துவிட்டது.

'யூஸ்டு' என்ற சொல் பயன்படுகிறது என்ற பொருளில் வந்தால் இரண்டும் சரி. "இட் இஸ் யூஸ்டு ஃபார் கட்டிங் ஃபிஷ்" என்றும் சொல்லலாம், "இட் இஸ் யூஸ்டு டு கட் ஃபிஷ்" என்றும் சொல்லலாம். தேர்வில் இரண்டில் எது வந்தாலும் குழம்ப வேண்டாம்.

நான்காம் விதி: நடந்துவிட்ட செயல் காரணமாக இருந்தால் 'ஃபார்' உடன் 'இங்'

பொருள் தலைகீழாவது இங்கேதான். நோக்கம் என்பது இனிமேல் நடக்க வேண்டியது. காரணம் என்பது ஏற்கெனவே நடந்துவிட்டது. நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது, பாராட்டுவது, கண்டிப்பது, அபராதம் போடுவது ஆகிய எல்லாமே நடந்துவிட்ட ஒன்றுக்காக வருபவை. இவற்றுக்கு 'ஃபார்' உடன் 'இங்' வரும்.

"தேங்க் யூ ஃபார் ஹெல்ப்பிங் அஸ்." எங்களுக்கு உதவியதற்கு நன்றி. 'தேங்க் யூ டு ஹெல்ப்' என்று சொல்லக் கூடாது.

"ஐ அப்பாலஜைஸ் ஃபார் கமிங் லேட்." தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும்.

"ஹி வாஸ் ஃபைன்டு ஃபார் ரைடிங் விதவுட் எ ஹெல்மெட்." தலைக்கவசம் இல்லாமல் ஓட்டியதற்காக அவருக்கு அபராதம் போட்டார்கள்.

இப்போது இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

"ஹி வாஸ் சென்ட் ஹோம் ஃபார் ஃபைட்டிங்." சண்டை போட்டதற்காக அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"ஹி வாஸ் சென்ட் ஹோம் டு ஃபைட்." வீட்டுக்குப் போய்ச் சண்டை போடு என்று அவனை அனுப்பினார்கள்.

முதலாவதில் சண்டை முடிந்துவிட்டது. இரண்டாவதில் இனிமேல்தான் சண்டை. பள்ளிக்கோ காவல் நிலையத்துக்கோ ஒரு விளக்கக் கடிதம் எழுதும்போது இந்த ஒரு சொல் மாறினால் சொல்ல வந்ததே மாறிவிடும்.

மன்னிப்புக் கேட்கும் 'சாரி' என்ற சொல்லிலும் இதைப் பார்க்கலாம். ஒருவர் வேலையாக இருக்கும்போது கதவைத் தட்டி உள்ளே போகிறோம். அப்போது "சாரி டு டிஸ்டர்ப் யூ" என்கிறோம். இப்போது தொந்தரவு செய்யப் போவதற்கு மன்னிப்பு அது. பேசி முடித்துக் கிளம்பும்போது "சாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ" என்கிறோம். செய்துவிட்ட தொந்தரவுக்கு மன்னிப்பு இது.

சில அலுவலகங்களில் "தேங்க் யூ ஃபார் நாட் ஸ்மோக்கிங்" என்று எழுதி வைத்திருப்பார்கள். புகைக்காமல் இருப்பதற்கு நன்றி என்று பொருள். 'நாட்' என்ற சொல் 'இங்' வடிவத்துக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள்.

மருத்துவரிடம் கவனமாகச் சொல்ல வேண்டிய சொல்

'ஸ்டாப்' என்ற சொல்லைத் தனியாகவே பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் 'இங்' வந்தால் அந்தச் செயலையே நிறுத்திவிட்டோம் என்று பொருள். 'டு' வந்தால் வேறு ஏதோ செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு இதைச் செய்தோம் என்று பொருள்.

"ஐ ஸ்டாப்டு டேக்கிங் த டேப்லெட்." மாத்திரை சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"ஐ ஸ்டாப்டு டு டேக் த டேப்லெட்." மாத்திரை சாப்பிடுவதற்காக, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினேன்.

சர்க்கரை நோய்க்கோ இரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை எடுக்கும் ஒருவர், பத்து நாட்களாக அதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ இருக்கும் மருத்துவரிடம் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால் என்ன ஆகும்? மாத்திரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது என்று மருத்துவர் நினைத்துக்கொள்ளலாம். மாத்திரை எடுத்தும் சர்க்கரை குறையவில்லையே என்று அளவைக் கூட்டவும் கூடும். துணைக்குப் போகும் பிள்ளைகள் இந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது பிழையில்லாமல் சொல்லப் பழகுங்கள். சந்தேகம் இருந்தால் "ஹி இஸ் நாட் டேக்கிங் த டேப்லெட் நவ்" என்று எளிமையாகச் சொல்லிவிடுங்கள். இப்போது மாத்திரை எடுப்பதில்லை என்று அதற்குப் பொருள். அதில் குழப்பத்துக்கே இடமில்லை.

'ரிமெம்பர்' என்ற சொல்லும் இப்படித்தான். "ரிமெம்பர் டு டேக் த டேப்லெட்" என்றால் மறக்காமல் மாத்திரை சாப்பிடு என்று பொருள். அது இனிமேல் நடக்க வேண்டியது. "ஐ ரிமெம்பர் டேக்கிங் த டேப்லெட்" என்றால் மாத்திரை சாப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது என்று பொருள். அது நடந்து முடிந்தது. இனி நடக்க வேண்டியதற்கு 'டு', நடந்துவிட்டதற்கு 'இங்' என்று நான்காம் விதியில் பார்த்தது இங்கும் பொருந்துவதைக் கவனியுங்கள்.

'டு' வந்தும் 'இங்' வரும் இடங்கள்

கடிதத்தின் கடைசியில் "ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ" என்று எழுதுகிறோம். தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று பொருள். இங்கே 'டு' வந்தும் ஏன் 'ஹியர்' என்று நிற்காமல் 'ஹியரிங்' ஆனது?

இந்த 'டு' நோக்கத்தைச் சொல்லும் 'டு' அல்ல. 'டு ஸ்கூல்' என்பதில் வருகிறதே, அந்த 'டு'. அதற்குப் பின்னால் பெயர்தான் வரும். வினை வர வேண்டுமானால் பெயர் வேடம் போட்டுக்கொண்டு, அதாவது 'இங்' சேர்த்துக்கொண்டுதான் வர வேண்டும்.

எந்த 'டு' என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. 'டு' என்பதற்குப் பின்னால் 'யுவர் ரிப்ளை' என்பது போன்ற பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்டு டு யுவர் ரிப்ளை" என்று சொல்ல முடிகிறது. ஆகவே இங்கே 'இங்' வேண்டும். "ஐ கேம் டு ஸ்டடி" என்பதில் நோக்கத்தைச் சொல்ல 'டு' என்பதற்குப் பின்னால் 'டிகிரி' என்ற பெயரை வைத்தால் பொருந்தவில்லை. 'ஃபார் எ டிகிரி' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அங்கே வினை அப்படியே நிற்கும்.

அலுவலகக் கடிதங்களில் வரும் 'வித் எ வியூ டு' என்பதும் முதல் வகைதான். "வித் எ வியூ டு ஸ்டார்ட்டிங் எ பிசினஸ்" என்று 'இங்' சேர்த்தே எழுத வேண்டும். 'ஃபார் த பர்பஸ் ஆஃப்' என்று எழுதினாலும் அடுத்து வரும் வினைக்கு 'இங்' சேரும். இவை கனமான சொற்கள். 'டு ஸ்டார்ட் எ பிசினஸ்' என்று எழுதினாலே அழகாக இருக்கும்.

ஒன்று நடக்காமல் இருக்கச் செய்தால்

'பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்கச் சீக்கிரம் கிளம்பினேன்.' இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பலர் 'நாட் டு மிஸ் த பஸ்' என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். இப்படிச் செய்தது எதற்காக என்று சொல்லும்போது வெறும் 'நாட் டு' பொருந்தாது. முன்னால் 'ஸோ ஆஸ்' அல்லது 'இன் ஆர்டர்' சேர்க்க வேண்டும்.

"ஐ லெஃப்ட் ஏர்லி ஸோ ஆஸ் நாட் டு மிஸ் த பஸ்."

இது கடினமாகத் தோன்றினால் 'ஸோ தட்' என்று சொல்லலாம். "ஐ லெஃப்ட் ஏர்லி ஸோ தட் ஐ வுட் நாட் மிஸ் த பஸ்." இரண்டும் சரி.

ஒருவர் செய்ய, இன்னொருவர் நோக்கம்

இதுவரை பார்த்த வாக்கியங்களில் போனவரும் வாங்கியவரும் ஒருவர்தான். 'லாத்தா மருந்து வாங்கப் பணம் அனுப்பினேன்' என்பதில் அனுப்பியவர் நான், வாங்குபவர் அக்கா. ஆங்கிலத்தில் "ஐ சென்ட் மனி டு பை மெடிசின்" என்று மட்டும் சொன்னால் யார் வாங்குவது என்பது தெரியாது. அப்போது அந்த ஆளுக்கு முன்னால் 'ஃபார்' போட்டு, வினைக்கு முன்னால் 'டு' போட வேண்டும்.

"ஐ சென்ட் மனி ஃபார் மை சிஸ்டர் டு பை மெடிசின்."

"ஐ ஹேவ் ப்ராட் த ஃபார்ம் ஃபார் யூ டு சைன்." நீங்கள் கையெழுத்துப் போடப் படிவம் கொண்டு வந்திருக்கிறேன்.

'ஃபார்' ஆளைச் சேர்ந்தது, 'டு' வினையைச் சேர்ந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டு 'ஃபார் டு' ஆகவில்லை. நடுவில் ஆள் இருக்கிறார்.

'கோ' என்ற சொல்லின் தனி வழக்கு

சில செயல்களுக்கு 'கோ' உடன் நேராக 'இங்' சேரும். "தே வென்ட் ஃபிஷிங்." மீன் பிடிக்கப் போனார்கள். "வீ வென்ட் ஷாப்பிங்." கடைக்குச் சாமான் வாங்கப் போனோம். நடுவில் 'டு' என்பதும் வேண்டாம், 'ஃபார்' என்பதும் வேண்டாம். 'வென்ட் டு ஷாப்பிங்' என்பது தவறு. நீச்சல், ஓட்டம், மலையேற்றம் போன்ற விளையாட்டும் பொழுதுபோக்கும் சார்ந்த செயல்களே பெரும்பாலும் இப்படி வரும். 'கோ ஸ்டடியிங்' என்று எல்லா வினைக்கும் நீட்டிக்கொண்டு போக முடியாது.

ஒரு மாதிரிக் கடிதம்

படித்ததையெல்லாம் ஒரே இடத்தில் பார்ப்போம். கல்வி உதவித்தொகை கேட்டு ஒரு மாணவி எழுதும் கடிதம் இது.

"டியர் சார், ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார் த ஸ்காலர்ஷிப். ஐ ஹேவ் ஜாய்ன்டு த நர்சிங் கோர்ஸ். ஐ நீட் த மனி டு பே மை ஹாஸ்டல் ஃபீஸ் அண்ட் டு பை புக்ஸ். ஐ ஹேவ் அட்டாச்டு மை மார்க் ஷீட் ஃபார் யுவர் ரெஃபரன்ஸ். தேங்க் யூ ஃபார் ரீடிங் மை லெட்டர். ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ."

எழுதுவது எதற்காக? 'டு அப்ளை.' பணம் எதற்காக? 'டு பே', 'டு பை.' மூன்றும் அவளுடைய நோக்கம், ஆகவே 'டு'. மதிப்பெண் பட்டியலை இணைத்தது எதற்காக? 'ஃபார் யுவர் ரெஃபரன்ஸ்.' அது பெயர்ச்சொல், ஆகவே 'ஃபார்'. நன்றி சொல்வது கடிதத்தைப் படித்ததற்காக. கடைசி வரிக்கு வந்தவர் மேலே உள்ளதைப் படித்து முடித்திருப்பார், ஆகவே 'ஃபார் ரீடிங்'. ஆறு சிறிய வாக்கியங்கள்தான். கேட்க வந்ததைத் தெளிவாகக் கேட்டுவிட்டாள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் யாரிடமோ எழுதி வாங்காமல், இதைப் போல் தங்கள் சொந்த விவரங்களை வைத்துத் தாங்களே எழுதலாம்.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். பயன்படுத்த வேண்டிய சொல் பக்கத்தில் இருக்கிறது.

1. ஐ வென்ட் டு த பேங்க் ____ அன் அக்கவுண்ட். சொல்: ஓப்பன்.
2. தேங்க் யூ ____ டு அவர் ஹவுஸ். சொல்: கம்.
3. திஸ் பாக்ஸ் இஸ் ____ மெடிசின்ஸ். சொல்: கீப்.
4. த டாக்டர் டோல்ட் ஹிம் டு ஸ்டாப் ____. சொல்: ஸ்மோக். புகைப்பதை விட வேண்டும் என்பது பொருள்.
5. ஆன் த வே வீ ஸ்டாப்டு ____ பெட்ரோல். சொல்: பை.
6. ஷி கேம் டு சென்னை ____. சொல்: ட்ரீட்மென்ட்.
7. த டீச்சர் ப்ரெய்ஸ்டு ஹர் ____ த ட்ரூத். சொல்: டெல். உண்மையைச் சொன்னதற்காக என்பது பொருள்.
8. ஐ லுக் ஃபார்வர்டு ____ யூ. சொல்: மீட்.
9. ஐ செட் த அலாரம் ____ த ட்ரெயின். சொல்: மிஸ். தவறவிடாமல் இருக்க என்பது பொருள்.
10. ஹி லெஃப்ட் த கீ ____ த டோர். சொல்: ஓப்பன். நாம் திறப்பதற்காக என்பது பொருள்.

விடைகள்

1. டு ஓப்பன். 2. ஃபார் கமிங். 3. ஃபார் கீப்பிங். 4. ஸ்மோக்கிங். 5. டு பை. 6. ஃபார் ட்ரீட்மென்ட். 7. ஃபார் டெல்லிங். 8. டு மீட்டிங். 9. ஸோ ஆஸ் நாட் டு மிஸ். 10. ஃபார் அஸ் டு ஓப்பன்.

எட்டுக்கு மேல் சரியாக இருந்தால் பாடம் பிடிபட்டுவிட்டது. நான்காவதும் ஐந்தாவதும் தவறியிருந்தால் 'ஸ்டாப்' பற்றிய பகுதியை இன்னொரு முறை படியுங்கள். இரண்டாவதும் ஏழாவதும் தவறியிருந்தால் நான்காம் விதிக்குத் திரும்பிப் போங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

விதியை மனப்பாடம் செய்வதைவிட நாள்தோறும் வாயில் வருவதுதான் நிலைக்கும். அதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பிள்ளை வெளியே கிளம்பும்போது வாப்பாவோ உம்மாவோ "ஒய் ஆர் யூ கோயிங்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பிள்ளை 'டு' என்று தொடங்கிப் பதில் சொல்லட்டும். "டு பை மில்க்." "டு மீட் மை ஃப்ரெண்ட்." "டு ரிட்டர்ன் த புக்." கேட்பவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதில் 'டு' என்று தொடங்கியதா, வினை 'இங்' இல்லாமல் நின்றதா என்று மட்டும் கவனித்தால் போதும்.

திரும்பி வந்ததும், போய் வந்ததற்கு "தேங்க் யூ ஃபார் பையிங் த மில்க்" என்று பெரியவர்கள் சொல்லுங்கள். போகும்போது 'டு', வந்தபின் 'ஃபார்' உடன் 'இங்'. ஒரு பால் பாக்கெட் வாங்கி வருவதற்குள் இரண்டு விதிகளும் பழகிவிடும்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், வேலைக்கான நேர்முகத்தில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் எப்படித் தொடங்குவது என்பதைப் பார்ப்போம்.